எம்ஜிபி ரோட்ஸ்டர் ஓனர் ரிவ்யூ: பானெட்டை அப்புறம் தூக்கலாம், முதல்ல கீழ படுத்துப் பாருங்க

எம்ஜின்னா நம்மூர்ல இப்போ எல்லாருக்கும் ஹெக்டர் தான் ஞாபகம் வரும், அந்த பேட்ஜ் இன்னைக்கு சீனாக்காரன் கைல இருக்கு. நான் எழுதப்போறது அதுக்கு முந்தின கதை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்துல ஆபிங்டன்னு ஒரு சின்ன ஊரு, அங்க 1962ல ஆரம்பிச்சு 1980 வரைக்கும் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க எம்ஜிபிங்கற ஸ்போர்ட்ஸ் காரை, துணிக் கூரையை மடக்கிடற ரோட்ஸ்டர், மேல இரும்புக் கூரை வச்ச ஜிடி எல்லாம் சேத்து 5 லட்சத்துக்கு மேல. அதுல பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்கா போயிடுச்சு. என்கிட்ட இருக்கறது 1971 ரோட்ஸ்டர், குரோம் பம்பர், கம்பி சக்கரம், ஓவர்டிரைவ் உண்டு, அதாவது வேகமா போறப்ப எஞ்சின் சுத்தறதைக் குறைக்கற கூடுதல் கியர். நான் இருக்கற இங்கிலாந்துலயே குடியிருக்கற நம்மாளுங்க சில பேரு "வாங்கலாமா, தாங்குமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கறதால மொத்தத்தையும் ஒரே இடத்துல கொட்டிடறேன்.

இந்தக் காருல நீங்க காசு குடுக்கறது இரும்புத் தகட்டுக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பின்னாடி எப்ப வேணா சரி பண்ணிக்கலாம், அதுக்கு ஆகற செலவும் தெரிஞ்ச செலவு. பாடி துரு புடிச்சிருந்தா அந்தச் செலவுக்கு அடியும் கிடையாது முடியும் கிடையாது. இதுக்கு முந்தி வந்த எம்ஜிஏவுல தனி சேஸி, அதுமேல பாடி உக்காந்திருக்கும். எம்ஜிபியில சேஸியே கிடையாது, பாடியே தான் சேஸி, அதுலயும் ரோட்ஸ்டர்னா மேல இரும்புக் கூரை இல்லாததால காரு நடுவுல மடங்காம புடிச்சு வச்சிருக்கறது கதவுக்குக் கீழ நீளமா ஓடுதே அந்த சில், அது ரெண்டும் தான். அது வெளில பாக்கறப்ப ஒரே தகடு மாதிரி தெரியும், உள்ள வெளி சில், உள் சில், அதுக்குக் கீழ கேஸில் ரெயில்னு மூணு அடுக்கு. இங்க குளிர்காலத்துல பனி உறையக்கூடாதுன்னு ரோடு பூரா உப்பைக் கொட்டறான், அந்த உப்புத் தண்ணி சக்கரம் சுத்தற வேகத்துல முன் மட்கார்டுக்குப் பின்னாடி அடிச்சு அங்கயே சேறோட சேந்து உக்காந்துக்கும், அங்கருந்து சில்லுக்குள்ள இறங்கி உள்ளருந்து தின்ன ஆரம்பிச்சா வெளி பெயிண்ட்ல ஒரு கொப்புளம் வர்றதுக்குள்ள உள்ள பாதி காலி.

விக்கறவங்க இதுக்குப் பண்ற வேலை இருக்கே, அடேங்கப்பா. பழைய துருவை அப்படியே விட்டுட்டு மேல ஒரு புதுத் தகட்டை வச்சு வெல்ட் அடிச்சு பெயிண்ட் பண்ணிடறது ஒரு வகை, பட்டி போட்டு தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிடறது இன்னொரு வகை. அதனால பாக்கப் போறப்ப ஒரு சின்ன காந்தம் கைல இருக்கட்டும், மெல்லிசு துணி சுத்தி சில் மேலயும் மட்கார்டு கீழ்ப்பக்கமும் வச்சுப் பாருங்க, ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அடுத்து கதவு. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கணும். சைடுல ஜாக்கி போடற இடத்துல ஜாக்கி குடுத்துத் தூக்கச் சொல்லுங்க, தூக்கறப்ப அந்த இடைவெளி குறைஞ்சுதுன்னா, இல்ல கதவு திறக்க சிரமப்பட்டுதுன்னா காரு நடுவுல தொய்யுதுன்னு அர்த்தம், டீ குடிச்சுட்டு கிளம்பிடுங்க. ஜாக்கி போட விடமாட்டேன்னு சொன்னா அதுவும் ஒரு பதில் தான். சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கினா ஒரு மூடி இருக்கும், அதுக்குக் கீழ பேட்டரி பெட்டி. 70களோட நடு வரைக்கும் இந்தக் காருக்கு 6 வோல்ட் பேட்டரி ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு. ஆசிட் ஒரு பக்கம், ரோட்டுத் தண்ணி ஒரு பக்கம்னு அந்தப் பெட்டி ஓட்டையாகாத காரு அபூர்வம், நிறைய பேரு இப்போ ஒரே 12 வோல்ட் பேட்டரியா மாத்தி வச்சிருப்பாங்க, அது பரவால்ல. அப்புறம் லீஃப் ஸ்பிரிங் மாட்டற இடம், கால் வைக்கற ஃப்ளோரோட முன் மூலை, கதவுல முக்கோண கண்ணாடிக்குக் கீழ வர்ற விரிசல். கதவு விரிசல் இந்த மாடலுக்கே உள்ளது, அதுக்காக காரை வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல, விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்க.

சில் மாத்தறது நம்மூர் டிங்கரிங் கடைல அடிச்சு நிமித்தற வேலை மாதிரி கிடையாது. என் காருக்கு ஒரு பக்கம் மாத்த வேண்டி வந்தது, வேலை செஞ்சவரு அறுபது தாண்டின பெரியவரு, வெட்டறதுக்கு முன்னாடி கதவைக் கழட்டிட்டு அந்த திறப்புல குறுக்க இரும்புக் கம்பி வச்சு தற்காலிகமா வெல்ட் அடிச்சு காரு அசையாம கட்டிட்டுத் தான் பிளேடையே எடுத்தாரு. அந்த முட்டு இல்லாம வெட்டினா பாடி சில மில்லிமீட்டர் தொங்கிடும், அந்த நிலைமைலயே புது சில்லை வெல்ட் பண்ணிட்டீங்கன்னா அதுக்கப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியா மூடாது. கொஞ்சம் வெல்ட், கதவை மாட்டிப் பாக்கறது, கழட்டறது, மறுபடி கொஞ்சம் வெல்ட்னு போகும், பொறுமை தான் பாதி கூலி. ஒரு மணி நேரத்துக்கு 60 பவுண்டுன்னு வச்சுக்கிட்டாலே 100 மணி நேர வேலைக்கு 6000 பவுண்டு ஆச்சு, முழு பாடி ரெஸ்டோரேஷன்னா 100 மணி நேரத்துல முடியறதெல்லாம் நடக்காது, அதுக்கு மேல பெயிண்ட் தனி. அதனால தான் "ப்ராஜெக்ட் கார், மலிவு விலை"ன்னு விளம்பரம் பாத்தா நான் ஒதுங்கிடுவேன். வேற ஒருத்தன் காசைக் கொட்டி முடிச்சு வச்சிருக்கற காரை, அவன் போட்டதுல பாதிக்கு வாங்கறது தான் புத்திசாலித்தனம். உங்களுக்கே வெல்டிங் தெரியும், வீட்ல கராஜ் இருக்கு, வீட்டம்மாவும் சம்மதம்னா அது வேற கணக்கு.

இதுல ஒரு ஆச்சரியமான விஷயம் சொல்லணும். எம்ஜிபிக்கு இன்னைக்கும் புத்தம்புது பாடி கிடைக்கும். தொழிற்சாலையை 1980ல மூடிட்டாங்க, பழைய அச்சு எல்லாத்தையும் தேடிப்புடிச்சு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்ங்கற கம்பெனி 1988லருந்து முழு பாடி ஷெல்லை மறுபடி அடிக்க ஆரம்பிச்சாங்க, இப்போ விட்னில இருக்காங்க, ஆபிங்டன்லருந்து ரொம்ப தூரம் கூட இல்ல. அந்த ஷெல் திரும்ப கிடைச்சதால தான் அப்ப எம்ஜி பேட்ஜை வச்சிருந்த ரோவர் கம்பெனியே 1992ல அதை வச்சு ஆர்வி8னு ஒரு வி8 எஞ்சின் ரோட்ஸ்டரை கொண்டு வந்துச்சு, 1995 வரைக்கும் 2000 காரு போல செஞ்சாங்க, முக்கால்வாசி ஜப்பானுக்குப் போச்சு. ஷெல் விலை சும்மா இல்ல, நல்லா ஓடற நிலைமைல இருக்கற ஒரு காரையே வாங்கிடலாம் அந்தக் காசுக்கு. ஆனா தனியா ஒரு மட்கார்டு, ஒரு பானெட், ஒரு சில் வேணும்னாலும் ஒரிஜினல் அச்சுல அடிச்சது கிடைக்குதுங்கறது பெரிய தைரியம், மத்த பழைய காருக்காரங்க இதுக்கு ஏங்கறாங்க.

சரி எஞ்சினுக்கு வருவோம், இங்க தான் நம்மாளுங்களுக்கு ஒரு சொந்தபந்தம் இருக்கு. எங்க மாமா திருச்சில வருஷக்கணக்கா அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவரு, ஒரு நாள் வீடியோ கால்ல பானெட்டைத் தூக்கிக் காமிச்சேன், கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "டேய் மாப்ள, இது நம்ம அம்பாசிடர் எஞ்சின் மாதிரில்ல இருக்கு, ரெண்டு கார்புரேட்டர் வச்சு ஏமாத்தறானுங்களா"ன்னு கேட்டாரு. அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. அம்பாசிடர்ங்கறதே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரு தான், அதுல ரொம்ப காலம் ஓடின 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், மோரிஸ், எம்ஜி ரெண்டையும் வச்சிருந்த பிஎம்சி கம்பெனியோட பி சீரிஸ். 1955ல எம்ஜிஏ வந்தப்ப அதுலயும் அதே 1489 சிசி பி சீரிஸ் தான். அதையே பெரிசாக்கி 1798 சிசி ஆக்கி ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர் மாட்டினா எம்ஜிபி, 95 குதிரை சக்தி. முதல் ரெண்டு வருஷம் கிராங்குக்கு மூணு பேரிங், 1964 கடைசிலருந்து அஞ்சு பேரிங், அஞ்சு பேரிங் எஞ்சின் நிதானமா ஓடும், நல்லா உழைக்கும். டேப்பெட் சரி பண்றது, பாயிண்ட் கேப் வைக்கறது, டைமிங் புடிக்கறது எல்லாம் அம்பாசிடர்ல கை வச்ச எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணிடுவாரு. 20டபிள்யூ50 ஆயில் ஊத்துங்க, கார்புரேட்டர் தலைல இருக்கற குப்பியைக் கழட்டி கொஞ்சம் ஆயில் விட்டுட்டே இருங்க, சூடான பிறகு ஓட்டறப்ப ஆயில் பிரஷர் 50க்கு மேல நிக்குதான்னு பாருங்க, எஞ்சினைப் பத்தி அவ்ளோ தான் கவலை. ஆயில் ஒழுகுமான்னு கேட்டா ஒழுகும், கீழ அட்டை போட்டு வைங்க.

இந்தக் காருக்கு எலக்ட்ரிக் சாமான் செஞ்சு குடுத்த லூகாஸ் கம்பெனியைப் பத்தி இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் ஜோக்குக்குப் பஞ்சமே இல்ல, இருட்டின் இளவரசன்னு லூகாஸுக்குப் பட்டப்பேரே இருக்கு. என் அனுபவத்துல பழி முக்கால்வாசி லூகாஸ் மேல இல்லீங்க. அம்பது வருஷமா வந்த ஒவ்வொரு ஓனரும் ரேடியோவுக்கு ஒண்ணு, ஃபாக் லைட்டுக்கு ஒண்ணு, அலாரத்துக்கு ஒண்ணுன்னு ஒயரை வெட்டி ஒட்டி வச்சது தான் பிரச்சினை, எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள்ல தேச்சு மாட்டினாலே பாதி லைட்டு பளிச்சுன்னு எரியும். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, 1967 கடைசிக்கு முந்தின கார்ல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் தான் பாடிக்குப் போகும், தெரியாம இன்னைக்கு வர்ற சார்ஜரையோ ஸ்டீரியோவையோ மாட்டினா புகை தான். சாவியைத் திருப்பின உடனே பின்னாலருந்து டிக்டிக்டிக்னு சத்தம் வரும், பயப்படாதீங்க, அது எஸ்யூ பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் நிரம்பினதும் தானா நின்னுடும். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணு பெட்ரோல் எங்கயோ ஒழுகுது, இல்ல டேங்க் காலி. சத்தமே வரலன்னா பம்ப்ல பாயிண்ட் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம், பின் சக்கரத்துக்குப் பக்கத்துல கைய விட்டு ஸ்பானரால மெதுவா ஒரு தட்டு தட்டினா வேலை செய்யும், எல்லா ஓனரும் வண்டில ஒரு குட்டி சுத்தியல் வச்சிருப்பாங்க, கேட்டா சொல்ல மாட்டாங்க.

ஓட்டறதுக்கு எப்படின்னு தான் எல்லாரும் முதல்ல கேக்கறது, நான் இங்க வந்து சொல்றேன். வேகம்னு பாத்தா இன்னைக்கு வர்ற டீசல் வேன் கூட சிக்னல்ல முந்திடும், 60 மைல் வேகம் தொட 12 செகண்டு போல ஆகும், உச்ச வேகம் 100 மைலைக் கொஞ்சம் தாண்டும், அவ்ளோ தான். பின்னாடி லீஃப் ஸ்பிரிங், பழைய காலத்து லீவர் ஆர்ம் ஷாக், பள்ளத்துல விழுந்தா முதுகெலும்பு எண்ணிடும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆனா காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ரெண்டு பக்கமும் வேலி வச்ச குறுகலான கிராமத்து ரோட்ல, ஜூன் மாசம் சாயங்காலம், கூரையை மடக்கிட்டு மூணாவது கியர்ல 45 மைல்ல போய்ப் பாருங்க, ரோட்டுக்கு அவ்வளவு ஒட்டி உக்காந்திருப்பீங்க, ஸ்டீயரிங் ரோட்ல இருக்கற ஒவ்வொரு சொரசொரப்பையும் கைக்குச் சொல்லும், சைலன்சர் சத்தம் வேலில பட்டுத் திரும்பி வரும், 45 மைலே 80 மாதிரி இருக்கும். லைசென்சும் பத்திரம். மோட்டார்வேல போறதா இருந்தா ஓவர்டிரைவ் இல்லாத காரை வாங்கவே வாங்காதீங்க, 70 மைல்ல சாதா நாலாவது கியர்ல எஞ்சின் 3900 சுத்து சுத்தும், லேகாக் ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டினா 3100க்கு இறங்கிடும், காது பிழைக்கும். ரொம்ப வருஷம் இது தனியா காசு குடுத்து வாங்கற ஐட்டமா தான் இருந்துச்சு, அதனால எல்லாக் கார்லயும் இருக்காது, கேட்டுட்டு வாங்குங்க, ஓட்டிப் பாக்கறப்ப போட்டும் பாருங்க.

மெயின்டனன்ஸ்ல சோம்பேறித்தனம் ஆகாத இடம் முன் சக்கரத்து கிங் பின், அதாவது ஸ்டீயரிங் திருப்பறப்ப சக்கரம் திரும்பற அச்சு. பக்கத்துக்கு மூணு கிரீஸ் நிப்பிள், 3000 மைலுக்கு ஒரு தடவை கன் வச்சு அடிக்கணும், சக்கரத்துல வெயிட் இல்லாம தூக்கி வச்சுட்டு அடிச்சா தான் கிரீஸ் சரியா இறங்கும். வாங்கறப்ப அந்த நிப்பிள் மேல பெயிண்ட் காஞ்சு கிடந்தா வருஷக்கணக்கா யாரும் தொடலன்னு புரிஞ்சுக்கலாம். கம்பி சக்கரம் பாக்க ராஜா, வச்சுக்கறது தலைவலி, சக்கரம் ஹப்ல மாட்டிக்கற பல்லு, அதாவது ஸ்ப்ளைன், தேஞ்சிருந்தா கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதிச்சு விட்டு மிதிச்சா டக்குன்னு அடிக்கும். கழுவறதுக்கே ஒரு பொழுது போயிடும். கிளட்ச் பிளேட்டு மாத்தணும்னா எஞ்சினை வெளில எடுத்தே ஆகணும், வேற வழியே இல்ல, அதனால வேற எதுக்காவது எஞ்சின் வெளில வந்தா கிளட்சையும் சேத்து மாத்திடுங்க, பிளேட் விலை பெரிசில்ல. இன்னொண்ணு, வீட்ல இருக்கற 10, 13 மில்லிமீட்டர் ஸ்பானர் செட்டு இதுக்கு ஆகாது, எல்லாம் இஞ்ச் கணக்கு, 7/16, 1/2, 9/16 இந்த மூணு இருந்தா காரை முக்கால்வாசி பிரிச்சுடலாம்.

பார்ட்ஸ் கிடைக்குமாங்கற பயமே வேணாம், ராத்திரி ஆர்டர் போட்டா பெரும்பாலும் மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ வீட்டு வாசல்ல இருக்கும், மாஸ் (Moss)ங்கற கம்பெனி மாதிரி பெரிய பார்ட்ஸ் கடைங்க கேட்டலாக்கைப் பிரிச்சா கடைசி வாஷர் வரைக்கும் படம் போட்டு நம்பர் இருக்கும். 1973ல ஆரம்பிச்ச எம்ஜி ஓனர்ஸ் கிளப், 1930லருந்து இருக்கற எம்ஜி கார் கிளப்னு ரெண்டு பெரிய கிளப், ஏதாவது ஒண்ணுல சேந்துக்கங்க, சந்தா காசு இன்சூரன்ஸ் தள்ளுபடிலயே திரும்பிடும். ஆனா கிடைக்கற எல்லாம் உருப்படியான்னு கேட்டா இல்ல. புதுசா செய்யற ரப்பர் சாமான், பிளக்குக்கு கரண்டைப் பிரிச்சு விடற ரோட்டர் ஆர்ம், கண்டென்சர் இதுலெல்லாம் தரம் ரொம்ப மோசமானதும் கலந்து வருது. ஒரு கடைல மலிவா வாங்கின ரோட்டர் ஆர்ம் நட்டநடு ரவுண்டானால காரை நிப்பாட்டிடுச்சு, பின்னாடி நின்னவங்க ஹார்ன் அடிக்காம கை ஆட்டிச் சிரிச்சாங்க, பழைய காருக்கு இங்க அந்த மரியாதை உண்டு. டேஷ்போர்டு பெட்டில ஒரு பழைய ஒரிஜினல் ரோட்டர் ஆர்ம் எப்பவும் கிடக்கட்டும்.

பெட்ரோல் விஷயம். 2021 செப்டம்பர்லருந்து இங்க சாதா பெட்ரோல்னா இ10, எத்தனால் 10 சதவீதம் வரைக்கும் இருக்கும், அது பழைய ரப்பர் ஹோஸைத் தின்னும், சும்மா நின்ன கார்ல தண்ணியை இழுக்கும். சூப்பர் பம்ப்ல வர்ற இ5 போடுங்க, ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற வகைக்கு மாத்திடுங்க, ஹோஸ் செலவு ரொம்ப கம்மி, தீப்புடிச்சா வர்ற செலவு ரொம்ப ஜாஸ்தி. லெட் கலந்த பெட்ரோலை 2000த்துல நிறுத்திட்டதால சிலிண்டர் ஹெட்ல கெட்டியான வால்வ் சீட் போட்டாச்சான்னு விக்கறவங்ககிட்ட கேளுங்க, பில்லு இருந்தா இன்னும் நல்லது.

இப்ப நல்ல சேதி, கவர்மென்ட் கணக்குல 40 வருஷம் தாண்டினா ஹிஸ்டாரிக் வண்டி, ரோடு டாக்ஸ் பூஜ்யம், புகை அதிகமா விடற வண்டிக்கு லண்டன்ல வாங்கற யூலெஸ் கட்டணமும் கிடையாது. கடைசி எம்ஜிபி 1980ல வந்ததால எல்லாமே இதுக்குள்ள வந்துடும். 2018 மே மாசத்துலருந்து எம்ஓடிங்கற வருஷாந்திர வண்டி சோதனையும் கட்டாயம் இல்ல, பெரிசா எதையும் மாத்தி அமைக்காத வண்டியா இருந்தா. நான் வருஷா வருஷம் எம்ஓடிக்குப் போயிடுவேன், கீழருந்து வேற ஒரு ஆளு டார்ச் அடிச்சுப் பாக்கறதுக்கு அந்தக் காசு தாராளமா குடுக்கலாம். இன்சூரன்ஸ் எடுக்கறப்ப காரோட மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கற பாலிசியா எடுங்க, இல்லாட்டி ஆக்சிடென்ட் ஆனா பழைய இரும்பு விலை பேசுவாங்க. கெய்டன்ல இருக்கற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குக் காசு கட்டினா உங்க காரு எந்த தேதில செஞ்சது, என்ன கலரு, எந்த ஊருக்குப் போச்சுன்னு தொழிற்சாலை ரெக்கார்டைப் பாத்து சர்ட்டிபிகேட் குடுப்பாங்க, சிவப்பு காருன்னு வாங்கினது ஒரிஜினல்ல மஞ்சளா இருக்கலாம், வாங்கறதுக்கு முன்னாடியே அந்த பேப்பர் இருக்கான்னு பாக்கறது நல்லது.

எந்த வருஷம் வாங்கலாம்னா, 1968லருந்து 1974 நடு வரைக்கும் வந்த குரோம் பம்பர் காரு, அப்ப எல்லா கியருக்கும் உரசாம விழ வைக்கற சின்க்ரோ வந்துடுச்சு, ஆல்டர்னேட்டர் வந்துடுச்சு, எர்த்தும் நேராயிடுச்சு. 1974 கடைசில அமெரிக்க சட்டத்துக்காக கருப்பு ரப்பர் பம்பரை மாட்டி காரை ஒரு இஞ்சுக்கு மேல உயரமா தூக்கி விட்டுட்டாங்க, வளைவுல சாயும், மூக்கும் அசிங்கம்னு திட்டுவாங்க. இதுல நான் கொஞ்சம் வேற கட்சி. விலை நல்லா கம்மி, சீட்டும் டேஷ்போர்டும் புதுசு, உயரத்தைக் குறைக்க கிட் கிடைக்குது, அதே காசுக்கு துரு புடிச்ச குரோமையும் துரு இல்லாத ரப்பரையும் பக்கத்துல நிறுத்தினா ரப்பரைத் தான் ஓட்டிட்டு வருவேன். குழந்தை இருக்கறவங்க ஜிடியைப் பாருங்க, கூரை உண்டு, பின்னாடி பேருக்கு ஒரு சீட்டு உண்டு, டிக்கில சாமான் நல்லா புடிக்கும், ரோட்ஸ்டரை விட மலிவு. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இன்னும் மலிவு, பானெட் முழுசா முன்னாடி கவுந்துக்கும், ரிப்பேர் பண்ண அதை விட சுலபமான காரு கிடையாது, ஆனா உயரமானவங்களுக்கு முட்டி இடிக்கும், போய் உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் வாங்கற எதுவா இருந்தாலும் முதல் வேலையா சில்லுக்குள்ள வாக்ஸாயில்ங்கற துருத்தடுப்பு மெழுகை அடிச்சுடுங்க, அக்டோபருக்குள்ள, உப்பு வண்டி ரோட்ல இறங்கறதுக்கு முன்னாடி.